வெள்ளை கலக்காத கலர்

"கறுப்பா இருக்கிற பொண்ணுக்கு ஐஷேடோ எடுக்காதும்மா. சும்மா மையை மட்டும் இழுத்து விட்டுரு."

மதுரையில் கல்யாணப் பெண்களுக்கு மேக்கப் போட ஆரம்பித்த நாளிலிருந்து இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். பெண்ணின் அம்மா சொல்வார், அத்தை சொல்வார், சில நேரம் பெண்ணே கண்ணாடியைப் பார்த்தபடி சொல்வாள். சொல்கிறவர்கள் மேல் எனக்குக் கோபம் கிடையாது. அவர்கள் கண்ணால் பார்த்தது அப்படி. சொந்தத்தில் ஒரு கல்யாணத்தில், இமையில் வெளிர்நீலமோ பேபி பிங்க்கோ அப்பிக்கொண்டு, கண் மட்டும் சாம்பல் பூத்து நின்ற ஒரு பெண்ணைப் பார்த்திருப்பார்கள். அந்த ஆல்பம் இன்றைக்கும் யார் வீட்டு பீரோவிலோ இருக்கும். அந்தக் கலர் அவளுக்கு எடுக்காமல் போனது உண்மை. பழியை மட்டும் தோல்மேல் போட்டுவிட்டார்கள். குற்றவாளி பெட்டிக்குள் இருந்த வெள்ளை.

ஐஷேடோ என்பது பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. டால்க் பவுடரும் மைக்காவும் அடிப்படை. தூள் உதிராமல் பிடித்துக்கொள்ள மெக்னீசியம் ஸ்டீரேட், கொஞ்சம் சிலிக்கோன் எண்ணெய். மேட் கலர்களில் பெரும்பாலான பழுப்பும் சிவப்பும் மஞ்சளும் இரும்பு ஆக்சைடிலிருந்து வருபவை. கிட்டத்தட்ட துருவின் சொந்தக்காரர்கள். நீலத்துக்கு அல்ட்ராமரின், ஊதாவுக்கு மாங்கனீஸ் வயலட், பச்சைக்குக் குரோமியம் ஆக்சைடு. இவை எல்லாமே அடர்ந்த கலர்கள். இவற்றை 'லைட் கலர்' ஆக்க வேண்டும் என்றால் டைட்டானியம் டை ஆக்சைடு சேர்க்க வேண்டும். சுவருக்கு அடிக்கிற பெயின்ட்டிலும் சன்ஸ்கிரீனிலும் இருக்கிற அதே வெள்ளைதான். பிஸ்தா, லாவெண்டர், ஸ்கை ப்ளூ, பீச் என்று பேலட்டில் பார்க்க அழகாகத் தெரிகிற மேட் கலர்களில் பலவற்றில் கலரைவிட வெள்ளைதான் அதிகம். வெளுத்த தோலில் அந்த வெள்ளை தோலோடு தோலாக மறைந்துவிடும், கலர் மட்டும் மிஞ்சும். நம் தோலில் முதலில் தெரிவது வெள்ளை. கலர் அதற்குப் பின்னால் எங்கோ நிற்கும்.

லேபிளைப் படிக்கத் தெரிந்தவர்கள் சி.ஐ. 77891 என்ற எண்ணைத் தேடலாம். அதுதான் அந்த வெள்ளை. 77491, 77492, 77499 என்று இருந்தால் சிவப்பு, மஞ்சள், கறுப்பு இரும்பு ஆக்சைடுகள். ஆனால் லேபிளை மட்டும் நம்பி வாங்க முடியாது. பல பேலட்களில் எல்லாக் கலர்களின் நிறமிகளையும் சேர்த்து 'இவை இருக்கலாம்' என்று கடைசியில் ஒரே வரியில் போட்டுவிடுவார்கள். எந்தக் கிண்ணத்தில் எவ்வளவு என்று அதில் தெரியாது. அதற்கு விரல்தான் கருவி. டெஸ்டரில் மோதிர விரலை ஒருமுறை வைத்து எடுத்து, பிரஷ் இல்லாமல், கையின் வெளிப்பக்கத் தோலில் ஒரே இழுப்பு இழுக்க வேண்டும். உள்ளங்கைப் பக்கத்து மணிக்கட்டில் போட்டுப் பார்ப்பது பயனில்லாத வேலை. அங்கே நம் எல்லாருக்கும் நிறம் கம்மி. வெளிப்பக்கத்தில் இழுத்த கோடு கிண்ணத்தில் இருந்த அதே கலரில் நின்றால் அது நம் கலர். ஓரத்தில் சாக்பீஸ் மாதிரி வெளிறினால் எவ்வளவு விலையானாலும் வைத்துவிட்டு வந்துவிடலாம்.

நான் தொழில் படித்த இடத்தில் இதை யாரும் சொல்லித் தரவில்லை. அங்கே சுவரில் மாட்டியிருந்த கண் படங்கள் எல்லாம் வெள்ளைக்காரப் பெண்களின் கண்கள். 'இமை முழுக்க பீஜ், மடிப்பில் லைட் பிரவுன், புருவத்துக்குக் கீழே ஷிம்மர் வெள்ளை' என்பதுதான் பாடம். பயிற்சிக்கு வந்து உட்காருகிற பெண்களும் வகுப்பிலேயே சிவப்பான பெண்ணாகத் தேடிப் பிடிக்கப்பட்டவர்கள். மாநிறத்தைவிட அடர்ந்த நிறமுள்ள யாரும் அந்த நாற்காலியில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. ஊரில் பாதிப் பேர் அந்த நிறம்.

எனக்கு உருப்படியாகக் கற்றுக்கொடுத்தவர் பெரியப்பா முறை ஆகிற ஒருவர். ஸ்பெஷல் நாடகங்களுக்கு மேக்கப் போடப் போவார். கோடைத் திருவிழாக் காலம் முழுக்க மதுரை, புதுக்கோட்டை, ராமநாதபுரம் பக்கம் கிராமம் கிராமமாகச் சுற்றுவார். வள்ளி திருமணம் நாடகத்தில் விடிய விடிய நிற்கிற முகங்களைத் தயார்செய்கிற வேலை. முத்துவெள்ளையை எண்ணெயில் குழைத்துப் பூசுவது அந்தக் காலத்து வழக்கம். அவருக்கு அது பிடிக்காது. "வெள்ளையப் போட்டா முகம் லைட்டுக்கு முன்னால பூசணிக்காயாப் போயிரும். கண்ணு உள்ள போயிரும். கண்ணைக் காப்பாத்தணும்னா செங்காவியை இழு, அதுக்கு மேல மையை இழு" என்பார். மடிப்புக்குச் செங்கல் நிறம், ஓரத்துக்குக் கறுப்பு. இன்றைக்குப் பெரிய பெரிய பயிற்சி வகுப்பில் 'டிரான்ஸிஷன் ஷேடு' என்று சொல்லித் தருவதும் அதுவேதான்.

சினிமா மேக்கப்மேன்களுக்கும் இந்த விஷயம் தெரிந்திருக்க வேண்டும். கறுத்த முகங்களை விளக்குக்கு முன்னால் நிறுத்திப் பழகியவர்கள் அவர்கள். ஆனால் அந்த அறிவு பார்லர் நடத்துகிற பெண்களுக்கு வந்து சேரவே வழியில்லாமல் இருந்தது. திரைத்துறையில் பல பத்தாண்டுகள் பெண்களுக்கு மேக்கப் கலைஞர் என்ற அட்டையே கொடுக்கவில்லை. பெண் என்றால் ஹேர் டிரஸ்ஸர், அவ்வளவுதான். சாரு குரானா என்பவர் வழக்குப் போட்டு, 2014 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தத் தடை செல்லாது என்று சொன்ன பிறகுதான் அந்தக் கதவு திறந்தது. நடிகை சில்க் ஸ்மிதா சினிமாவுக்குள் வந்ததே டச்-அப் வேலைக்குத்தான் என்று சொல்வார்கள். மாநிறமும் இல்லாத நல்ல கறுப்பு அவர். 80களில் அவர் இமையில் இருந்த அடர்நீலத்தையும் கறுப்பையும் இன்றைக்குப் பார்த்தாலும் ஒரு இடத்தில்கூட வெளிறியிருக்காது. என்னிடம் வருகிற பெண்களுக்கு நான் காட்டுகிற முதல் படம் பெரும்பாலும் அவருடையதுதான். சில அம்மாக்கள் முகம் சுளிப்பார்கள். நான் கண்ணை மட்டும் பாருங்கள் என்பேன்.

இனி இமைக்கு வருவோம். நம் ஊர்ப் பெண்களில் நிறையப் பேருக்கு இமையின் நிறம் கன்னத்தைவிட ஒரு படி அடர்த்தி. கண்ணைச் சுற்றிக் கருமை இருப்பது தூக்கம் கெட்டதால் மட்டும் வருவதில்லை. பலருக்கு அது பரம்பரை. இதைக் குறை என்று நினைத்து, இமை முழுக்க இரண்டு ஷேடு வெளுத்த கன்சீலரைப் பூசி 'கேன்வாஸ்' தயார்செய்கிறார்கள். வீடியோக்களில் எல்லாரும் செய்வது அது. பழுப்புத் தோலின்மேல் வெளுத்த கன்சீலர் பச்சையும் சாம்பலுமாகத் திரியும். அதற்குமேல் என்ன கலரை வைத்தாலும் அதுவும் சாம்பல்தான். கருமையை அடக்க வேண்டும் என்றால் ஆரஞ்சு கரெக்டர் மெல்லிசாகப் போதும். மாநிறத்துக்குப் பீச் கலந்த ஆரஞ்சு, அதைவிட அடர்த்திக்குச் செங்கல் சாயலுள்ள ஆரஞ்சு. அதையும் கண்ணுக்குக் கீழேயும் மூக்கை ஒட்டிய மூலையிலும் வைத்தால் போதும். இமையை விட்டுவிடலாம். அந்த அடர்த்தி இயற்கையாகவே கிடைத்த ஒரு ஷேடு. வெளுத்த இமைக்காரர்கள் பழுப்பு வாங்கித் தேய்த்து உண்டாக்குகிற நிழல் நமக்குப் பிறக்கும்போதே இருக்கிறது. எதற்கு அதை அழித்துவிட்டுத் திரும்ப வரைவானேன்?

ராமநாதபுரம் பக்கத்திலிருந்து ஒரு பெண் டிரையலுக்கு வந்திருந்தாள். நர்ஸ் வேலை. நல்ல அடர்ந்த நிறம், அதில் லேசாகச் சிவப்புச் சாயல். அரக்குச் சேலை, பச்சை பார்டர். கூட வந்த அம்மா உட்காருவதற்கு முன்னாலேயே ஆரம்பித்தார்.

"ரெண்டு ஷேடு ஏத்திப் போடும்மா. மாப்பிள்ளை நல்ல செவப்பு."

"அம்மா, ஏத்திப் போட்டா கழுத்தும் கையும் தனியாத் தெரியும். வியர்த்தா இன்னும் மோசம்."

அந்தப் பெண் குறுக்கிட்டாள். "வேணாம்க்கா. ஆஸ்பத்திரியில இருந்து எல்லாரும் வர்றாங்க. யாரு இதுன்னு கேட்கக் கூடாது."

முகத்துக்குப் போட்ட அதே ஃபவுண்டேஷனைப் பிரஷ்ஷில் மிச்சம் ஒட்டியிருந்த அளவுக்கு மட்டும் இமையில் தட்டினேன். அதன்மேல் அடர் வெண்கல நிறக் கிரீம் ஷேடோ, விரலால், மெல்லிசாக. பவுடர் பிடித்துக்கொள்ள ஏதாவது ஒரு ஈரப்பசை வேண்டும். எண்ணெய்ச் சருமத்துக்கு இது இல்லாவிட்டால் ஒரு மணி நேரத்தில் மடிப்பில் கோடாகச் சேர்ந்துவிடும். பிறகு அவளைக் கண்ணைத் திறந்து நேராகப் பார்க்கச் சொன்னேன். மடிப்பு எங்கே விழுகிறது என்பதைக் கண்ணை மூடிய நிலையில் கண்டுபிடிக்க முடியாது. அவளுக்கு இமை கொஞ்சம் தாழ்ந்து மூடுகிற கண். அதனால் மடிப்புக்கு ஒரு நூல் மேலே செங்கல் கலரை, பெரிய தளர்ந்த பிரஷ்ஷால், வெளியிலிருந்து உள்ளே முன்னும் பின்னுமாக ஓட்டினேன். வைக்கும்போது அம்மா "ஐயோ, ஆரஞ்சா இருக்கே" என்றார். இரண்டு நிமிடம் தேய்த்ததும் ஆரஞ்சு காணாமல் போய், தோலுக்கு உள்ளிருந்தே வெளிச்சம் வந்த மாதிரி ஒரு சூடு மட்டும் நின்றது. வெளி ஓரத்தில் அரக்கு, கொஞ்சம் கறுப்பு சேர்த்து. இமையின் நடுவில் செம்பு ஷிம்மர். இதைப் பிரஷ்ஷால் தடவினால் பாதி கன்னத்தில் உதிரும், விரல் நுனியால் அழுத்தி எடுக்க வேண்டும். கீழ் இமை ஓரத்தில் பார்டரின் பச்சை, மெல்லிய கோடாக, மைக்கு வெளியே. உள்மூலையில் வெள்ளைப் புள்ளி வைப்பது வழக்கம். நான் வைப்பது பழைய பொன் நிறம், அதுவும் ஒரு கடுகளவு. புருவத்துக்குக் கீழே எதுவும் போடவில்லை. அந்த இடத்தில் ஷிம்மர் பீஜ் போடுவதை நான் விட்டுப் பல காலம் ஆகிறது. நம் நிறத்தில் அது பனி படிந்த மாதிரி நிற்கும்.

அம்மா கிட்டே வந்து பார்த்தார். "கண்ணு நல்லா எடுப்பா இருக்கு. ஆனா முகம் கொஞ்சம் செவப்பா..." என்று இழுத்தார். பெண் சிரித்துவிட்டாள். நானும்தான்.

எந்தக் கலர் எடுக்கும் என்று கேட்கிறவர்களுக்கு நான் காட்டுவது பேலட்டை அல்ல, பட்டுச்சேலை அலமாரியை. அரக்கு, மாம்பழ மஞ்சள், மயில் கழுத்து, கத்தரிப்பூ, வாடாமல்லி, இலைப்பச்சை, எம்.எஸ். நீலம், மிளகாய்ப்பழச் சிவப்பு, காப்பிக்கொட்டை. இந்தப் பட்டியலில் பாலில் கலந்த கலர் ஒன்றாவது இருக்கிறதா? பேஸ்டல் பட்டு என்று இப்போது வருகிறதே, அது வேறு கதை. நம் பாட்டிகள் கட்டிய கலர்கள் பழுப்புத் தோலின் பக்கத்தில் வைத்துப் பார்த்து, தலைமுறை தலைமுறையாகத் தேறிவந்தவை. எம்.எஸ். நீலம் எங்கள் ஊர்க்காரரான எம்.எஸ். சுப்புலட்சுமியின் பெயரால் நிலைத்த கலர். அந்த நீலத்தில் மேட் ஐஷேடோ கிடைத்தால் எந்தக் கறுப்பு இமைக்கும் கண்ணை மூடிக்கொண்டு போடலாம். இமை முழுக்க வேண்டாம் என்று பயப்படுகிறவர்கள் கீழ் இமையில் ஒரு கோடு இழுத்தால் போதும், கண்ணின் வெள்ளை பளிச்சென்று வரும்.

சேலை என்ன கலரோ அதே கலரை இமையில் போடுவது எனக்கு உடன்பாடில்லை. காஞ்சிபுரத்துக் கோர்வைச் சேலையைப் பாருங்கள். உடல் ஒரு கலர், பார்டர் அதற்கு நேர் எதிர்க் கலர். நெசவாளர் ஏற்கெனவே ஜோடி சேர்த்து வைத்திருக்கிறார். நான் அதைத் திருடிக்கொள்கிறேன். மாம்பழ மஞ்சளுக்கு அரக்கு பார்டர் என்றால் இமையில் செம்பும் ஓரத்தில் அரக்கும். உடல் நீலம் என்றால் இமைக்கு ஜரிகையின் பழைய பொன். பச்சை உடலுக்கு ஒயின் கலர். ஜரிகை எல்லாச் சேலையிலும் இருப்பதால் செம்பு, வெண்கலம், பழைய பொன் மூன்றும் எதற்கும் பொருந்திவிடும். தொழில் தொடங்குகிற பெண்கள் முதலில் இந்த மூன்றையும் வாங்கட்டும். வெள்ளியும் ஷாம்பெயினும் அவசரமில்லை. வெளிர் வெள்ளி சிலருக்கு அமர்க்களமாக இருக்கும், ஆனால் அடியில் கறுப்புப் பென்சில் போடாமல் வைத்தால் நிச்சயம் சாம்பல்.

பழுப்பில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். 'நியூட்' என்று போட்டிருக்கிற பேலட்டை வாங்கினால் அதில் பாதிக் கிண்ணங்கள் தோலைவிட வெளுப்பு, மீதி தோலின் அதே நிறம். போட்டதும் தெரியாது, போடாததும் தெரியாது. நம் இமைக்குப் பழுப்பு வேலைசெய்ய வேண்டும் என்றால் தோலைவிட இரண்டு படி அடர்த்தியாகவும், உள்ளே சிவப்போ ஆரஞ்சோ கலந்ததாகவும் இருக்க வேண்டும். சாம்பல் சாயல் பழுப்பு முகத்தை நோயாளி ஆக்கிவிடும்.

தோலின் உட்சாயலைக் கண்டுபிடிக்க மணிக்கட்டு நரம்பைப் பார், நீலமா பச்சையா என்பார்கள். அடர்ந்த தோலில் நரம்பே தெரியாதவர்கள் எத்தனை பேர்! நான் ரவிக்கைத் துணி வைத்திருக்கிறேன். ஒன்று செங்காவி, ஒன்று வாடாமல்லி. இரண்டும் மதுரை விளக்குத்தூண் பக்கம் வாங்கிய சாதாரணத் துணி. ஜன்னல் வெளிச்சத்தில் முகவாய்க்குக் கீழே ஒவ்வொன்றாகப் பிடிப்பேன். செங்காவிக்கு முகம் தெளிந்தால் செம்பு, செங்கல், ஆலிவ் பச்சை பக்கம் போவேன். வாடாமல்லிக்குத் தெளிந்தால் கத்தரிப்பூ, ஒயின், அடர்நீலம். இரண்டுக்கும் தெளிகிற முகங்கள் நிறைய உண்டு. அவர்களுக்கு என்ன வேண்டுமானாலும் போடலாம், கொடுத்துவைத்தவர்கள்.

நலங்கு வைத்த மறுநாள் இந்தக் கணக்கு மாறும். மஞ்சள் தேய்த்துக் குளித்த தோலில் இரண்டு நாள் மஞ்சள் சாயல் இருக்கும். மஞ்சளும் ஊதாவும் எதிரெதிர்; மெல்லிசாகத் தேய்த்தால் இரண்டும் கலந்து சேறு மாதிரிப் பழுப்பாகும். டிரையலில் அழகாக இருந்த கத்தரிப்பூ முகூர்த்தத்தன்று மங்கிப்போனது ஏன் என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். அன்றைக்கு ஊதாவைத் தேய்க்காமல் ஈரப் பிரஷ்ஷால் அழுத்தி வைக்க வேண்டும்.

கறுத்த இமைக்கு இருக்கிற ஒரு தனிச் சலுகையைப் பற்றி யாரும் பேசுவதில்லை. 'டுயோக்ரோம்' என்று ஒரு வகை ஷேடோ உண்டு. தலையை ஒரு பக்கம் சாய்த்தால் பச்சை, இன்னொரு பக்கம் ஊதா. தீப்பெட்டிக்குள் வளர்த்தோமே பொன்வண்டு, அதன் முதுகு மாதிரி. காக்காப்பொன் என்கிற மைக்காவின் மெல்லிய தகட்டின்மேல் அதே டைட்டானியம் டை ஆக்சைடை மிக மெல்லிய படலமாகப் பூசிச் செய்வது. படலத்தின் தடிமன் எவ்வளவோ அதைப் பொறுத்து ஒரு கலர் மட்டும் திரும்பி வரும். அதற்கு எதிரான கலர் தகட்டைத் தாண்டிக் கீழே போகும். கீழே இருப்பது வெளுத்த தோல் என்றால் அந்த எதிர்க் கலரையும் மேலே திருப்பி அனுப்பிவிடும். இரண்டும் கலந்து ஒன்றுமில்லாத ஒரு மினுமினுப்பாகப் போகும். கீழே இருப்பது அடர்ந்த தோல் என்றால் அது எதிர்க் கலரைக் குடித்துவிடும். மேலே பச்சை பச்சையாகவே நிற்கும். தூளாக இருக்கும்போது நம்மைச் சாம்பலாக்கிய அதே பொருள், படலமாக இருக்கும்போது நமக்குத்தான் அள்ளிக் கொடுக்கிறது. வெளுத்த தோல்காரர்கள் இதே விளைவுக்காக அடியில் கறுப்புக் கிரீம் பூசுகிறார்கள். மயில் கழுத்து டபுள் ஷேடு பட்டு கட்டிய ஒரு பெண்ணுக்கு ரிசப்ஷனில் பச்சை-நீலம் டுயோக்ரோம் வைத்தேன். அவள் தலையைத் திருப்பும்போதெல்லாம் சேலையும் இமையும் சேர்ந்து கலர் மாறின. அன்று மண்டபத்தில் மூன்று பேர் என் நம்பரை வாங்கிக்கொண்டார்கள்.

விளக்கு இன்னொரு தொல்லை. விடிகாலை முகூர்த்தத்துக்கு ஒரு வெளிச்சம், ராத்திரி ரிசப்ஷனுக்கு வேறொன்று. பழைய வீடியோக்காரர்கள் கொண்டுவந்த ஆயிரம் வாட் ஹாலஜன் விளக்கு மஞ்சள், ஏறக்குறைய 3200 கெல்வின். அதில் பொன்னும் செம்பும் ஜொலிக்கும், நீலமும் ஊதாவும் கறுப்பாகிவிடும். இப்போது வருகிற எல்.இ.டி. பகல் வெளிச்சம் மாதிரி 5600 கெல்வின். அதில் நீலம் உயிரோடு இருக்கும். போதாக்குறைக்கு ரிசப்ஷன் மேடையில் அலங்காரக்காரர் பிங்க்கும் நீலமுமாக விளக்கை அடித்து வைத்திருப்பார். என் கையில் நாலு கலரைக் கோடு போட்டுக்கொண்டு மேடையில் போய் நின்று பார்த்துவிட்டுத்தான் பெண்ணின் அறைக்குள் நுழைவேன்.

கேமராவும் நமக்கென்று செய்யப்பட்டதில்லை. கோடாக் ஃபிலிம் காலத்தில் லேப்களில் கலரைச் சரிபார்க்க 'ஷர்லி கார்டு' என்று ஒரு படம் வைத்திருந்தார்கள். அதில் இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண். அவள் தோல் சரியாக வந்தால் எல்லாம் சரி என்று கணக்கு. இன்றைக்கு ஃபிலிம் போய்விட்டது, பழக்கம் போகவில்லை. ஆல்பம் போடுகிறவர் பெண்ணின் முகத்தை இரண்டு படி வெளுக்க வைத்துத்தான் பிரின்ட் எடுக்கிறார். முகம் வெளுக்கும்போது நான் போட்ட அரக்கும் சேர்ந்து வெளுத்து ரோஸாகிவிடும். போட்டோகிராஃபர் தம்பிகளிடம் இப்போது முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். கேட்கிறவர்கள் கேட்கிறார்கள். சிலிக்கா பவுடரைக் கண்ணுக்குக் கீழே அதிகம் போடாதீர்கள் என்று என் உதவிக்கு வரும் பெண்களுக்கும் சொல்வதுண்டு. ஃபிளாஷ் பட்டால் அந்த இடம் வெள்ளைத் திட்டாகப் படத்தில் விழும்.

வியர்வையைப் பற்றி மதுரைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வைகாசி முகூர்த்தம், ஹோமப் புகை, தாலி ஏறும் நேரத்து அழுகை. டிஷ்யூவால் ஒற்ற வேண்டும், துடைக்கக் கூடாது, ஈரத்தின்மேல் பவுடர் போடவே கூடாது. பிரஷ்களை ஒவ்வொரு முகத்துக்கும் ஆல்கஹால் போட்டுச் சுத்தம்செய்ய வேண்டும். மெட்ராஸ் ஐ சீசனில் உங்கள் மையைத் தங்கச்சிக்குக்கூடக் கொடுக்காதீர்கள். கைவினைக் கடையில் விற்கிற கிளிட்டரை இமையில் வைக்கிற கொடுமையையும் பார்த்திருக்கிறேன். அது கண்ணுக்கானது இல்லை, விழியைக் கீறிவிடும்.

2017இல் ஃபென்டி பியூட்டி 40 ஷேடு ஃபவுண்டேஷனோடு வந்த பிறகு மற்ற கம்பெனிகளும் அடர்ந்த நிறங்களைக் கவுன்ட்டரில் வைக்க ஆரம்பித்தன. ஃபேர் அண்ட் லவ்லி 2020இல் பெயரை மாற்றிக்கொண்டது. சென்னையிலிருந்து 2009இலேயே 'டார்க் இஸ் பியூட்டிஃபுல்' என்று ஒரு பிரசாரம் கிளம்பியது. எல்லாம் நல்லதுதான். ஆனால் பேச்செல்லாம் ஃபவுண்டேஷனோடு நின்றுவிடுகிறது. நம் ஊர்க் கடைகளில் ஐஷேடோ பேலட்டைத் திறந்து பாருங்கள், இன்றைக்கும் பன்னிரண்டு கிண்ணத்தில் நமக்கு நாலுதான் தேறும். அதனால் நான் பேலட் வாங்குவதைக் குறைத்துக்கொண்டு, தனித்தனிக் கிண்ணமாக வாங்கிக் காந்தப் பெட்டியில் அடுக்கிக்கொள்கிறேன். 26 மில்லிமீட்டர் வட்டக் கிண்ணம் பல கம்பெனிகளுக்கும் பொது அளவு. ஒரே பெட்டியில் எல்லாம் உட்காரும். கல்யாணத்துக்காக மட்டும் வாங்குகிறவர்களுக்கும் இதுதான் லாபம். செங்கல் மேட் ஒன்று, அரக்கு அல்லது கத்தரிப்பூ மேட் ஒன்று, செம்பு ஷிம்மர் ஒன்று, ஆசைக்கு ஒரு நீலமோ பச்சையோ. கல்யாணம் முடிந்தும் வருஷக்கணக்காக உதவும்.

கடைசியாக, டிரையலுக்கு வரும் பெண்களுக்கு ஒரு வேண்டுகோள். எந்தப் பார்லருக்குப் போனாலும் முகூர்த்தச் சேலையையும் ரவிக்கையையும் கையோடு எடுத்துப் போங்கள். பகல் வெளிச்சம் இருக்கும் நேரமாகப் பார்த்து நேரம் வாங்குங்கள். ஃபில்டர் போட்ட நடிகை படத்தைக் காட்டாமல், உங்கள் நிறத்தில் இருக்கிற ஒருத்தியின் படத்தைக் காட்டுங்கள். மேக்கப் போடுகிறவர் உங்கள் இமையில் வெளுத்த கன்சீலரைத் திறந்தால், "இமைக்கு வேண்டாம்க்கா" என்று தயங்காமல் சொல்லிவிடுங்கள்.